செம்மறிச் சத்தத்துக்கு வந்த ஒட்டகங்கள்

"ஆடு மேய்க்கக் கூடாதுன்னுதானே உன்னையப் படிக்க வச்சேன்? இப்ப ஒட்டகத்துக்குப் பின்னாடி திரியிறேங்கிற. இதுக்கு எதுக்குத்தா பதினஞ்சு வருசம் பள்ளிக்கொடம்?"

அப்பா இதை வாட்ஸ்அப்பில் குரல் செய்தியாக அனுப்பியிருந்தார். அவர் குரலுக்குப் பின்னால் செம்மறிகள் கத்திக்கொண்டிருந்தன. நான் அப்போது துபாய் கராமாவில், நான் வேலை செய்யும் கல்யாண வீடியோ ஸ்டூடியோவின் எடிட்டிங் அறையில் உட்கார்ந்து, யாரோ ஒரு மணப்பெண் படியிறங்கி வருவதை மெதுவாக்கிக்கொண்டிருந்தேன். அவள் ஒரு படி இறங்க நான்கு வினாடி. அப்பாவின் செய்தி பதினொரு வினாடி. அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன்.

எங்கள் வீட்டில் கையெழுத்துப் போடத் தெரிந்த முதல் ஆள் நான். இதைச் சொல்ல எனக்குக் கூச்சமே இல்லை. பரமக்குடிக்குத் தெற்கே ஒரு செம்மறிப் பட்டியிலிருந்து மதுரைக்குப் போய், காட்சித் தொடர்பியல் படித்து, அந்தச் சான்றிதழை வைத்தே விசா வாங்கி துபாய்க்கு வந்தவள். வாரம் ஆறு நாள் அடுத்தவர் கல்யாணங்களை வெட்டி ஒட்டுவேன். ஏழாவது நாள், ஞாயிற்றுக்கிழமை, எனக்கு இருப்புக் கொள்ளாது. நாங்கள் ஐந்து பெண்கள் தங்கியிருந்த அறையில் மற்ற நால்வரும் மதியம்வரை தூங்குவார்கள். நான் விடிகிறபோதே கேமராப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன். யூனியன் பஸ் நிலையத்திலிருந்து ராஸ் அல் கைமாவுக்கு இரண்டு மணி நேரம். அந்த இரண்டு மணி நேரமும் சீட்டு நுனியில்தான் உட்கார்ந்திருப்பேன். முதுகை ஏன் சாய்ப்பதில்லை என்று எனக்கே தெரியாது.

அந்த இடத்துக்கு முதல்முறை போனதும் ஒரு கல்யாணத்தால்தான். பாலக்காட்டு ஜோடி ஒன்று கல்யாணத்துக்கு முந்தைய படம் எடுக்க வேண்டும், பின்னால் ஒட்டகங்கள் நிற்க வேண்டும் என்று கேட்டது. ராஸ் அல் கைமாவில் சிமெண்ட் ஆலைகள் இருக்கும் பக்கம் சின்னதாகப் பலசரக்குக் கடை, இங்கே பக்காலா என்பார்கள், வைத்திருக்கும் ஒரு கீழக்கரை பாய், தான் சாமான் கொண்டுபோய்க் கொடுக்கும் ஒரு மஸ்ராவை எங்களுக்குப் பேசிவிட்டார். மஸ்ரா என்றால் பண்ணை. அது ஒட்டகப் பண்ணை. வேலிக்குள்ளேயே பெரிய மணல்வெளி, ஒரு தண்ணீர்த் தொட்டி, ஒரு தகரக் குடிசை, நடுவே ஒரே ஒரு பெரிய மரம்.

சாயங்கால வெளிச்சத்துக்காகக் காத்திருந்தோம். மாப்பிள்ளை முகத்தில் வெளிச்சம் விழ நான் வெள்ளித்தாள் பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அப்போது என் முதுகுக்குப் பின்னால் அப்பா கூப்பிட்டார்.

"ட்ர்ர்ரியோ... ப்பா ப்பா ப்பா..."

நாக்கை மேலண்ணத்தில் உருட்டி, கடைசியில் ஒரு நீண்ட இழுப்பு. பட்டிக்குத் திரும்பும் செம்மறிகளை அப்பா கூப்பிடும் அதே சத்தம். பலகையை அப்படியே போட்டுவிட்டுத் திரும்பினேன். நாற்பத்தைந்து, ஐம்பது வயது இருக்கும் ஒருவர் தொட்டியருகே நின்றிருந்தார். மணல்மேட்டின் மேலிருந்து ஒட்டகங்கள் ஒவ்வொன்றாகத் தலை தூக்கி, வரிசையாக இறங்கி வந்துகொண்டிருந்தன.

ஜோடியை அம்போ என்று விட்டுவிட்டு அவரிடம் போனேன்.

"அண்ணே, இது செம்மறியக் கூப்பிடுற சத்தமாச்சே?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "பேண்ட்டு போட்ட புள்ளைக்கு இது எப்படித் தெரியும்?"

"எங்க அப்பாவும் இப்படித்தாண்ணே கூப்பிடுவாரு."

"எந்தப் பக்கம்?"

சொன்னேன். "அட, நம்ம பக்கந்தான் தாயி. எனக்கு முதுகுளத்தூர்" என்று சிரித்தார்.

"ஒட்டகத்துக்கு இது எப்படிண்ணே புரியுது?"

"வந்த புதுசுல எனக்கு அரபியும் தெரியாது, இந்தியும் தெரியாது. வாயில இருந்தது இந்த ஒரு சத்தம்தான். தீனி போடுறப்ப எல்லாம் அதையே குடுத்தேன். ஒம்பது வருசமாச்சு. இப்பப் பாதிக்கு மேல எங்கையில பொறந்ததுக. அதுகளுக்கு வேற சத்தமே தெரியாது."

அன்றிலிருந்து ஒவ்வொரு ஞாயிறும் அங்கே போனேன். பஸ் நிலையத்திலிருந்து பாய் தன் பிக்கப்பில் ஏற்றிக்கொள்வார். அரிசி, வெங்காயம், சோப்பு, பேட்டரி எல்லாவற்றோடும் நானும் ஒரு சரக்கு.

நான் படமெடுக்க நினைத்தது, நடுவே நின்ற அந்த ஒற்றை மரத்தின் ஒரு வருடம். அதை இங்கே காஃப் என்கிறார்கள். அண்ணன் முதல் நாளே, "இது வன்னிமரம்ல, நம்ம கோயில்ல இருக்குமே" என்றுவிட்டார். இலையைப் பார்த்தேன், வன்னிதான். மரத்தின் அடிப்பக்கம் முழுக்க, கத்தரிக்கோல் வைத்து வெட்டியதுபோல ஒரே மட்டத்தில் நின்றது. ஒட்டகத்தின் கழுத்து எட்டும் உயரம் அது. அதற்குக் கீழே ஓர் இலை கிடையாது. பெரிய ஒட்டகங்கள் அண்ணாந்து கடிக்கும்போது சிந்தும் இலைக்காகக் கன்றுகள் அடியில் வாய் பார்த்து நிற்கும். ஒட்டகத்தின் காலடிப் பள்ளத்தில், அந்த ஒரு சாண் நிழலில், மண்நிற வானம்பாடி ஒன்று வாய் திறந்து உட்கார்ந்திருக்கும். சாணத்தை உருட்டிச் செல்லும் வண்டு அந்தப் பள்ளத்துக்குள் விழுந்து, ஏற முடியாமல், உருண்டையை விடவும் மனமில்லாமல் தவிக்கும். அந்த வண்டை ஒரு முழுக் காலைப்பொழுது எடுத்திருக்கிறேன். இதையெல்லாம் ஒரு சிறு இணைய இதழில் வாரம் ஒரு பக்கம் எழுதவும் செய்தேன். இருநூறு பேர் படிப்பார்கள். அதில் பாதிப்பேர் தொழிலாளர் கேம்ப்புகளில் இருக்கும் நம் ஆட்கள்.

வேலிக்கு வெளியே சீமைக்கருவேலும் இருந்தது. அண்ணன் அதைக் காட்டி, "நம்ம ஊரு சனியன் இங்கயும் வந்துருச்சு பாரு. அதுக்கு மட்டும் விசாவும் இல்ல, மெடிக்கலும் இல்ல" என்றார்.

அக்டோபரில் தொடங்கினேன். குளிர்காலம் முடிந்தது, ஒரு மணல்புயலும் கிடைத்தது. மீதி இருந்தது கோடை. நான் பார்த்த பாலைவனப் படங்கள் எல்லாமே குளிர்காலப் படங்கள். எடுப்பவர்களுக்கு வசதியான மாதங்களில் எடுத்தவை. "ஜூன்ல வந்து பாரு, அப்பத்தான் இது என்ன ஊருன்னு தெரியும்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டே இருப்பார். ஆனால் ஜூனில் அவர் இங்கே இருக்க மாட்டார். நான்கு வருடம் கழித்து லீவில் போகிறார். அவருடைய மகள் பிளஸ் டூ முடித்திருந்தாள். அந்த வீட்டில் கல்லூரிக்குப் போகும் முதல் ஆள். சேர்க்கைக்கு அவளை மதுரைக்குக் கூட்டிப்போக வேண்டும்.

"அவ ஆத்தாளுக்குப் பரமக்குடி தாண்டுனா திசை தெரியாது. நான் போயித்தான் ஆகணும். போகலைன்னா பக்கத்து மில்லுல சேத்து விட்டுருவாக. எங்க அண்ணன் அதுக்குத்தான் காத்துக்கிட்டு இருக்கான்" என்றார்.

இதைக் கேட்டபோது நான் என் சேர்க்கை நாளை நினைத்துக்கொண்டேன். அப்பா கடன் வாங்கிய சட்டையில் வந்திருந்தார். படிவத்தில் கைநாட்டு வைத்தார், மைப்பெட்டியை நான் பிடித்துக்கொண்டேன். பிறகு எங்கோ போனார். தேடிப் போனால், மாணவியர் விடுதிப் பக்கம் தண்ணீர்க் குழாயைத் திறந்து, ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "நல்ல தண்ணிதான்" என்றார். அந்தக் கல்லூரியைப்பற்றி அவர் சொன்ன ஒரே கருத்து அதுதான்.

தப்பைச் செய்தது நான்.

ஏப்ரலில் ஒரு ஞாயிறு, திரும்பி வரும் பஸ்ஸில், கைகள் சும்மா இருக்க மாட்டேன் என்றன. ஒரு வருடப் படம் முடியும்வரை யாருக்கும் எதையும் காட்டக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆனாலும் அண்ணன் கூப்பிட்டு நாற்பத்தொரு ஒட்டகங்கள் ஓடி வருவதை, நாற்பது வினாடி, போனிலிருந்தே போட்டுவிட்டேன். 'ராமநாதபுரத்துக்காரருக்கு மட்டும் தலையாட்டும் அரபு ஒட்டகங்கள்' என்று மேலே எழுதினேன். அந்த 'மட்டும்' என்ற சொல்லை நான் யோசித்துத்தான் சேர்த்தேன். அது இருந்தால் ஆட்கள் நின்று பார்ப்பார்கள் என்று எனக்குத் தெரியும். ஸ்டூடியோ சொல்லிக்கொடுத்த வித்தை.

நின்று பார்த்தார்கள். புதன்கிழமைக்குள் அது எங்கெங்கோ போய்விட்டது. ஜித்தாவில் ஷரஃபியாவில் கடை வைத்திருக்கும் பாயின் மச்சான், "இது உன் ஏரியாவா?" என்று கேட்டு அதை அவருக்கே அனுப்பியிருந்தார். ஸ்டூடியோ முதலாளி என் தோளைத் தட்டினார். வியாழன் முழுக்க எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வெள்ளிக்கிழமை பாய் போன் செய்தார்.

"தங்கச்சி, அந்தப் படம் அர்பாப் வீட்டுக் குரூப்புக்கும் போயிருச்சு. அவரு மச்சினன்மாரெல்லாம் சிரிக்கிறாங்களாம். உன் ஒட்டகத்துக்கு இந்தியன் பாஸ்போர்ட் எடுத்துட்டியான்னு கேக்குறாங்களாம்."

அர்பாப் என்றால் பண்ணைக்கு முதலாளி. அத்தனை மாதங்களில் இரண்டு முறைதான் அவரைப் பார்த்திருந்தேன். மெல்லிய குரல், எப்போதும் கையில் ஒரு பிரம்பு. படம் எடுக்கலாமா என்று பாய் மூலம் கேட்டபோது, "மரத்தையா? எடுக்கட்டும்" என்று மட்டும் சொன்னவர்.

அந்த ஞாயிறு நான் போனபோது மூன்று வெள்ளை வண்டிகள் நின்றன. அர்பாபும் அவர் உறவுக்காரர்கள் ஆறு பேரும் தொட்டியருகே இருந்தார்கள். எல்லோர் கையிலும் போன். அண்ணன் குடிசை ஓரமாக, தலைத்துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். நான் கேமராவை எடுத்தேன். வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை.

அர்பாப் தொண்டையைச் செருமிக்கொண்டு கூப்பிட்டார். நீளமான, இறங்கி ஏறும் சத்தம். அவருடைய அப்பா கூப்பிட்டதாக இருக்க வேண்டும். அழகான சத்தம். மேட்டின் மேல் இருந்த ஒட்டகங்கள் தலையைத் திருப்பின. மென்றன. மறுபடி கூப்பிட்டார். கூட்டத்திலேயே மூத்த பெண் ஒட்டகம், அண்ணன் வருவதற்கு முன்பே அங்கே இருந்தது, நான்கு அடி எடுத்து வைத்தது. பிறகு மற்றவை வராததைக் கண்டு நின்றுவிட்டது. யாரோ சிரித்தார்கள்.

"தூ புலாவ்" என்றார் அர்பாப் அண்ணனைப் பார்த்து. நீ கூப்பிடு.

அண்ணன் தலையை ஆட்டினார். "நஹி அர்பாப். தும் புலாவ், ஆயேகா." நீங்களே கூப்பிடுங்கள், வரும்.

"புலாவ்!"

அண்ணன் மண்ணைப் பார்த்துக்கொண்டு, வாய்க்குள்ளேயே முனகுவதுபோலக் கூப்பிட்டார். அது போதுமானதாக இருந்தது. நாற்பத்தொன்றும் இறங்கி வந்தன. வெள்ளை உடையில் நின்ற அர்பாபைத் தோளால் இடித்துக்கொண்டு அண்ணனைப் போய்ச் சூழ்ந்தன. உறவுக்காரர்கள் கைதட்டினார்கள். படம் எடுத்தார்கள். நானும்தான் எடுத்தேன்.

அர்பாபுக்குக் கோபம் வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். அவர் என்னைக் கூப்பிட்டு உட்காரச் சொல்லி, சின்னக் கோப்பையில் கஹ்வா என்ற அரபுக் காப்பியும் இரண்டு பேரீச்சம்பழமும் கொடுத்தார். படம் நன்றாக இருந்தது என்றார். பிறகு கிளம்பும்போது அண்ணனிடம், சாதாரணமாக, இரண்டே வார்த்தை சொன்னார். "லீவு மாஃபி." லீவு கிடையாது.

அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அர்பாப் இந்தியில் விளக்கினார். ஜூன் வெயிலில் இவை தண்ணீருக்கு வராமல் மேட்டின் மேலேயே நின்றால் சாகும். உன் குரலுக்கு மட்டும்தான் வரும் என்று உலகத்துக்கே தெரிந்துவிட்டது. இன்னொருவர் கூப்பிட்டு இவை வரட்டும், அன்றைக்கு நீ போ. கலாஸ், அவ்வளவுதான்.

வண்டிகள் போனபின் அண்ணன் தொட்டிக்குத் தண்ணீர் திறந்துவிட்டார். நான் அருகில் போய் நின்றேன்.

"அண்ணே, தெரியாமப் போட்டுட்டேண்ணே."

"தெரியாம எப்படித்தா போடுவ? படிச்ச புள்ள." குழாயைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ஒம்பது வருசமா அவுக முன்னாடி நான் வாயத் தெறந்து கூப்பிட்டதில்ல. அவுக வர்றப்ப எல்லாம் பட்டியில கட்டித்தான் நிறுத்துவேன். சொந்தக்காரன் குரலுக்கு வராம கூலிக்காரன் குரலுக்கு வருதுன்னா அது அவுகளுக்கு அசிங்கம்னு எனக்குத் தெரியும். அத நீ ஊருக்கே ஒலிபெருக்கி வச்சுச் சொல்லிட்ட."

அந்த வாரம் மூன்று கல்யாணங்களை வெட்டினேன். ஒன்றில் தாலி கட்டும் இடத்தையே வெட்டிவிட்டு, முதலாளி கேட்டபின் திரும்பச் சேர்த்தேன். படத்தை இணையத்திலிருந்து எடுத்துவிட்டேன். என்ன பயன், அது எல்லோர் போனிலும் இருந்தது. இரவு சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் எழுந்துவிடுவேன். "உனக்கு என்னதான்டி ஆச்சு, கட்டில்ல முள்ளா கெடக்கு?" என்றாள் பக்கத்துக் கட்டில் நர்ஸ் அக்கா. மதுரையில் ஒரு கல்லூரி வாசலில், நான் பார்த்தே இராத ஒரு பெண் தனியாக நிற்பது கண்ணில் வந்துகொண்டே இருந்தது.

அடுத்த ஞாயிறு ஒரு ஒலிபெருக்கியைத் தூக்கிக்கொண்டு போனேன். அண்ணனின் குரல் என்னிடம் மணிக்கணக்கில் பதிவாகி இருந்ததே! அவரைக் குடிசைக்குள் போகச் சொல்லிவிட்டுத் தொட்டியருகே அதை ஒலிக்கவிட்டேன். ஒட்டகங்கள் வந்தன. பெட்டியை முகர்ந்தன. ஒரு கன்று அதை நக்கியது. பிறகு எல்லாமாகத் திரும்பி, தண்ணீரைத் தொடாமல், குடிசை வாசலில் போய் நின்றன. உள்ளேயிருந்து அண்ணன் சிரிக்கும் சத்தம் கேட்டது. அந்த வாரத்தில் அவர் சிரித்தது அப்போதுதானாம், பாய் சொன்னார்.

பாய் அர்பாபிடம் இதைச் சொன்னதற்கு, "அந்தப் பெட்டி மேட்டில் ஏறி இறங்குமா?" என்று கேட்டிருக்கிறார்.

லீவுக்கு மாற்றாள் என்று பேசி வைத்திருந்தது பக்கத்து மஸ்ராவின் பட்டான்காரரை. தீனி, தண்ணீர், மருந்து எல்லாம் அவருக்கு அத்துப்படி. இந்தச் சத்தம் மட்டும் வரவில்லை. அண்ணன் அவருக்குத் தாடையைப் பிடித்துக் காட்டினார். "நாக்க மேல ஒட்டு. உருட்டு. உருட்டுய்யா!" அவர் உருட்டினால் இருமல்தான் வந்தது. இரண்டு ஞாயிறு போராடிவிட்டு, "யே ஊண்ட் நஹி, யே பூரா மதராஸி ஹை" என்று மணலில் உட்கார்ந்துவிட்டார். இது ஒட்டகமே இல்லை, முழு மதராஸி.

மே மாதம் பிறந்துவிட்டது. சேர்க்கை ஜூன் முதல் வாரம். அண்ணன் எதிர்பாராமல் என் பக்கம் திரும்பினார்.

"நீ கூப்பிடு."

"நானா?"

"பெறகு? செம்மறிக்காரன் மகதானே நீ?"

ஏழு வயதில் ஒரு சாயங்காலம், பட்டி வாசலில் நின்று அப்பாவைப்போலவே நான் கூப்பிட்டேன். ஆடுகள் திரும்பின. அப்பா ஓடி வந்து என் வாயைப் பொத்தினார். "இந்தச் சத்தம் உன் வாயில வரப்படாது" என்றார். அடிக்கவில்லை. அடித்திருந்தால் மறந்திருப்பேன். அதன் பிறகு நான் கூப்பிட்டதே இல்லை. கல்லூரியில் தோழிகளிடம், எனக்கு ஆட்டைப்பற்றி ஒன்றுமே தெரியாது என்று பெருமையாகவே சொல்லியிருக்கிறேன்.

கூப்பிட்டேன். பட்டான்காரர் கைதட்டினார். ஒட்டகங்கள் ஒன்றுகூடத் திரும்பவில்லை.

"மைக்குல அறிவிப்புச் சொல்ற மாதிரி இருக்கு தாயி. பசிச்ச உசுரக் கூப்பிடு."

மறுபடி. மறுபடி. நான் பேசும் குரல் படத்தில் பதிவாகக் கூடாது என்பது என் வழக்கம். வாய் திறப்பதற்கு முன் ஒலிப்பதிவை நிறுத்திவிடுவேன், தப்பிப் பதிவானதை எடிட்டிங்கில் துடைத்துவிடுவேன். அன்றும் நிறுத்தியிருந்தேன். காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றினேன். கேமராவை மணலில் வைத்தேன். மேட்டைப் பார்க்காமல், யாரையும் பார்க்காமல், அப்பா நிற்பதுபோல ஒரு காலில் பாரம் போட்டு நின்று கூப்பிட்டேன்.

என் தொண்டையிலிருந்து அப்பா வந்தார். எனக்கே பயமாக இருந்தது.

முதலில் இரண்டு கன்றுகள். பிறகு அவற்றின் தாய்கள். பிறகு எல்லாம், அந்த வன்னிமரத்தைச் சுற்றிக்கொண்டு, தூசி கிளப்பிக்கொண்டு என்னை நோக்கி வந்தன. தாடைகள் என் தலைக்கு மேலே நின்றன. ஒன்று என் சட்டைக் கழுத்துப்பட்டையை மோந்து பெருமூச்சு விட்டது, பச்சைப்புல் நாற்றம். இத்தனை மாதங்களில் எனக்குக் கிடைத்த மிகச் சிறந்த காட்சி அது. கேமரா மண்ணில் கிடந்தது.

"எண்ணு" என்றார் அண்ணன். எண்ணினேன். முப்பத்தொம்பது. "ரெண்டு கொறையுது. அதுக ரெண்டும் காதுகேளாத கழுதைக, நாளைக்கு வரும்."

அடுத்த ஞாயிறு அர்பாப் வந்தார். தனியாக வந்தார். அண்ணனை வண்டிக்குள் உட்கார வைத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டு, என்னைப் பார்த்துக் கையசைத்தார். கூப்பிட்டேன். நாற்பத்தொன்றும் வந்தன. அவர் பிரம்பால் மணலில் கோடு போட்டுக்கொண்டிருந்தார். பிறகு பாயிடம் அரபியில் ஏதோ கேட்டார்.

"லீவு முப்பது நாளும் இந்தப் புள்ள இருக்குமான்னு கேக்குறாரு" என்றார் பாய். நான் வாய் திறப்பதற்குள் அவரே அரபியில் நீளமாகப் பதில் சொன்னார்.

"என்ன சொன்னீங்க பாய்?"

"இருக்கும்னு சொன்னேன். எங்க வீட்டுல தங்கிக்கும், எம் பொண்டாட்டி பிள்ளைங்களோட. காலையிலயும் அந்தியிலயும் நான் வண்டியில கொண்டாந்து விடுறேன். ஏன், இருக்க மாட்டியா? போட்டது நீதானே தங்கச்சி."

வேலையெல்லாம் பட்டான்காரர் பார்ப்பார், சத்தம் மட்டும் என்னுடையது. அர்பாப் அண்ணனை வண்டியிலிருந்து இறக்கி, "ரோஹ்" என்றார். போய் வா. கிளம்பும் முன் என்னிடம் ஒன்று கேட்டார். அவர் கூப்பிடும் சத்தத்தையும் அந்தப் பெட்டியில் பதிந்து, தினமும் தீனி நேரத்தில் போட முடியுமா என்று. அவர் கேட்ட விதத்தில் என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பதிந்தேன். மூன்று முறை. மூன்றாவது முறைதான் நன்றாக வந்தது.

ஸ்டூடியோவில் எனக்கு வருடத்துக்கு முப்பது நாள் லீவு உண்டு. ஜூனில் ஊருக்குப் போக டிக்கெட் போட்டிருந்தேன். அதை ரத்து செய்தேன். "ஜூன்ல பாலைவனத்துலயா? லென்ஸ் உருகிடும்" என்றார் முதலாளி. அண்ணனை விமானம் ஏற்றிவிட நானும் பாயும் போனோம். எந்த ஒட்டகம் பின்தங்கும், எதற்குக் கண்ணில் மருந்து விட வேண்டும் என்று அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டே வந்தார். நான் ஒன்று மட்டும் சொன்னேன்: "காலேஜுல தண்ணிக்கொழாய் எங்க இருக்குன்னு பாத்துட்டு வந்துருங்கண்ணே." அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் சரி என்றார்.

அப்பாவுக்குத்தான் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. வரவில்லை என்று எழுதினால் அவருக்குப் படிக்கத் தெரியாது. பேசினால் நான் அழுவேன். கடைசியில், ஒரு சாயங்காலம் நான் கூப்பிடுவதைப் போனில் பதிந்து, வேறு ஒரு சொல்லும் இல்லாமல் அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது.

"செம்மறிச் சத்தந்தான். கடைசி இழுப்பு பத்தல. எத்தன உருப்படி வருது?"

நாற்பத்தொன்று என்று குரலிலேயே அனுப்பினேன். அந்தப் பதினைந்து வருடப் பள்ளிக்கூடக் குரல் செய்தியையும் மறுபடி போட்டுக் கேட்டேன். மேட்டின் மேல் வெயில் அலையாக ஆடும் இந்த மாதத்தில், வன்னிமரம் மட்டும் எங்கிருந்தோ தண்ணீர் எடுத்துப் புதுத்தளிர் விட்டிருக்கிறது. வானம்பாடி இப்போது காலடிப் பள்ளத்தில் இல்லை, ஒட்டகத்தின் நிழலோடு நிழலாக நடக்கிறது. இதையெல்லாம் குளிர்காலத்தில் வந்து போகிறவர்கள் பார்த்திருக்க மாட்டார்கள்.

இன்று ஆறாம் நாள். சாயங்காலம் பாய் இறக்கிவிட்டுப் போனபின், மரத்துக்கு நேரே கேமரா முக்காலியை நிறுத்தினேன். பட்டான்காரர் தீனிக்கட்டுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தார். வழக்கம்போல விரல் ஒலிப்பதிவை நிறுத்தப் போனது. விரலை எடுத்துவிட்டேன். சிவப்பு விளக்கு எரிந்தபடி இருக்க, கேமராவுக்கு முன்னால் போய் நின்று கூப்பிட்டேன்.